ஓரெழுத்துக் கட்டளையும் தீச்சுவரின் காவலும்

வலையமைப்பின் வழியே ஒரு கணினியை நாடி வந்து சேருகிற ஒவ்வொரு தகவற் பொட்டலத்தையும் நிறுத்தி, அது எந்த முகவரியிலிருந்து புறப்பட்டது, எந்தப் போர்ட்டை நாடுகிறது, எந்த நெறிமுறையில் பேசுகிறது என்று பரிசீலித்து, நிர்வாகி முன்கூட்டியே எழுதி வைத்திருக்கும் விதிகளோடு வரிசைக்கிரமமாக ஒப்பிட்டு, பொருந்தித் தீர்ப்புரைக்கும் விதியின்படி அதனை உள்ளே விடவோ தள்ளிவிடவோ செய்கிற மென்பொருளே தீச்சுவர் ஆகும். அந்த விதிகளை எழுதவும் மாற்றவும் அழிக்கவும் நிர்வாகியின் கையிலிருக்கும் சாதனமோ பெரும்பாலும் ஒற்றைக் கட்டளை வரிதான். அவ்வரியில் ‘சேர்’ என்பதற்கு முழுச் சொல்லையும் தட்டச்சு செய்ய வேண்டுமா, அன்றி ஓரெழுத்தே போதுமா என்னும் கேள்வி, மேலோட்டமாகப் பார்ப்பவர்க்கு விரல் நோவைப் பற்றிய அற்ப விஷயமாகத் தோன்றலாம். ஆனால், அந்த ஓரெழுத்தை எந்தச் செயலுக்குக் கொடுப்பது, எந்தச் செயலுக்கு மறுப்பது, கொடுத்த பின் எத்தனை காலம் அதனைக் காப்பாற்றுவது என்று ஆராயப் புகுந்தால், மென்பொருள் அமைப்பாளரின் விவேகம் சோதிக்கப்படும் இடங்களுள் இதுவும் ஒன்று என்பது புலனாகும்.

இந்தக் குறுக்க வழக்கத்தின் பூர்வீகம் 1960-களின் இறுதியில் இருக்கிறது. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிட்சியும் யூனிக்ஸ் என்னும் இயக்க முறைமையை உருவாக்கத் தொடங்கியபோது, அவர்கள் கணினியோடு உரையாடப் பயன்பட்ட கருவி டெலிடைப் 33 என்னும் தட்டச்சு எந்திரம். அதிலே தட்டுகிற எழுத்தும் கணினி தருகிற விடையும் காகிதச் சுருளில் அச்சாகி வரும். வினாடிக்குப் பத்து எழுத்துக்களுக்கு மேல் அச்சிட அதற்குச் சக்தி கிடையாது. சொல்லுக்குச் சொல் கட்டணம் கட்டித் தந்தி அனுப்பிய வியாபாரிகள் நீண்ட வாசகங்களையெல்லாம் சங்கேதச் சொற்களாகச் சுருக்கிக்கொண்டதைப் போல, அவர்களும் கட்டளைகளின் பெயர்களை இரண்டு மூன்று எழுத்துக்களாகவும், அக்கட்டளைகளின் போக்கை மாற்றும் தெரிவுகளை ஒரு சிறு கிடைக்கோட்டின் பின் நிற்கும் ஓரெழுத்தாகவும் சுருக்கினார்கள். 1971-ஆம் ஆண்டு நவம்பர் 3-ஆம் தேதியிட்ட யூனிக்ஸ் முதற்பதிப்புக் கையேட்டிலேயே இந்தச் சிக்கனம் காணக்கிடக்கிறது. யூனிக்ஸுக்கு முன்னோடியாயிருந்த மல்டிக்ஸ் முறைமையிலோ, ஒரு தெரிவுக்கு நீண்ட பெயரும் அதனோடு சேர்ந்த சுருக்கப் பெயருமாக இரண்டும் அமைந்திருந்தன. முன்னோரிடமிருந்த அந்த இரட்டை வழக்கில் ஒரு பாதியை யூனிக்ஸ் கைவிட்டதென்றும், பிற்காலத்தார் அதனை மீட்டுக்கொண்டார்கள் என்றும் சொல்வது பொருந்தும்.

மீட்டுக்கொண்டவர்கள் கட்டற்ற மென்பொருளுக்காக உழைத்த க்னூ திட்டத்தார். அவர்கள் இரண்டு கிடைக்கோடுகளின் பின் முழுச் சொல்லை எழுதும் நெடுந்தெரிவு என்னும் ஏற்பாட்டை நிலைநாட்டி, யூனிக்ஸ் மரபின் ஓரெழுத்துத் தெரிவுகளுக்கு ஈடாக நீண்ட பெயர்களையும் வைக்குமாறு நிரலாளர்களை வற்புறுத்தினார்கள். இதனிடையே, கட்டளை வரியைப் பகுத்துணரும் ‘கெட்ஆப்ட்’ என்னும் நிரற்பகுதியின் மூலத்தை ஏடிஅண்ட்டி நிறுவனம் 1985-இல் பொதுவுடைமையாக வெளியிட்டது. போசிக்ஸ் தரநிர்ணயமும், குறுந்தெரிவு என்பது ஓரெழுத்தாக அல்லது ஓரிலக்கமாக இருக்க வேண்டும் என்றும், மதிப்பு எதுவும் கேட்காத தெரிவுகளை ஒரே கோட்டின் பின் சேர்த்தெழுதலாம் என்றும் விதித்தது. ஆகவே ஆங்கில நெடுங்கணக்கின் பெரிய எழுத்து இருபத்தாறு, சிறிய எழுத்து இருபத்தாறு, இலக்கம் பத்து என ஆக மொத்தம் அறுபத்திரண்டு இடங்களே ஒரு நிரலாளரின் முழு ஆஸ்தி. இந்த எண்ணிக்கையை மனத்தில் இருத்திக்கொண்டால்தான் பின்வருவது விளங்கும்.

லினக்ஸ் கெர்னலில் தீச்சுவரை நிர்வகிக்கும் கருவிகள் காலந்தோறும் மாறி வந்திருக்கின்றன. இரண்டு புள்ளி பூஜ்யம் பதிப்பின் காலத்தில் ஐபிஎஃப்டபிள்யூஅட்ம் என்னும் கருவி இருந்தது. அடுத்து, 1999-இல் வெளிவந்த இரண்டு புள்ளி இரண்டு பதிப்போடு ஐபிசெயின்ஸ் வந்தது. பிறகு, 2001 ஜனவரியில் வெளிவந்த இரண்டு புள்ளி நான்கு பதிப்போடு, ஆஸ்திரேலியரான ரஸ்டி ரஸ்ஸலின் முன்முயற்சியால் ஐபிடேபிள்ஸ் வந்து, உலகெங்கும் உள்ள சர்வர்களில் நெடுங்காலம் ஆட்சி புரிந்தது. இந்த ஐபிடேபிள்ஸின் குறுந்தெரிவுகளிலே ஓர் இலக்கணம் இருக்கிறது. அதனைக் கூர்ந்து நோக்கும்போதெல்லாம் எனக்கு அதன்மேல் மதிப்பே மிகுகிறது. பெரிய எழுத்துக்கள் பெரும்பாலும் வினை; சிறிய எழுத்துக்கள் பெரும்பாலும் அவ்வினையின் அடைமொழி. பெரிய ‘ஏ’ என்றால் விதியை இறுதியில் சேர். பெரிய ‘ஐ’ என்றால் குறித்த இடத்தில் செருகு. பெரிய ‘எல்’ என்றால் பட்டியலிடு. பெரிய ‘எஃப்’ என்றால் விதிகள் அனைத்தையும் துடைத்துவிடு. சிறிய ‘எஸ்’ என்பது புறப்பட்ட முகவரி. சிறிய ‘ஐ’ என்பது பொட்டலம் உள்ளே வரும் இடைமுகம். சிறிய ‘ஜே’ என்பது பொருந்திய பொட்டலம் போய்ச் சேர வேண்டிய தீர்ப்பு. எண்பதாம் போர்ட்டைத் திறந்துவிடுகிற ஒரு சாதாரண விதியை இந்தக் குறுக்க முறையில் எழுதினால் இடைவெளிகள் உட்பட நாற்பத்தைந்து எழுத்துக்களில் அடங்கிவிடும். அதே விதியில் வரும் மூன்று குறுந்தெரிவுகளையும் நெடும்பெயராக்கினால் அறுபத்து மூன்று எழுத்துக்கள் ஆகும். ஒருநாளில் பன்முறை இதனைச் செய்கிறவர்க்கு இந்த வித்தியாசம் அலட்சியம் செய்யத்தக்கதன்று.

ஆயினும், இலக்கணம் அழகாயிருப்பதனாலேயே அபாயம் அற்றதாகிவிடாது. சிறிய ‘எஃப்’ என்பது துண்டுபட்டு வரும் பொட்டலங்களைக் குறிக்கும் ஒரு சாதாரண அடைமொழி. ஷிஃப்ட் விசையின் ஓர் அழுத்தத்தால் அதிலிருந்து வேறுபடுகிற பெரிய ‘எஃப்’ விதிகளையெல்லாம் ஒரே க்ஷணத்தில் அழிக்கும் கட்டளை. சிறிய ‘எக்ஸ்’ எண்ணிக்கைகளைச் சுருக்காமல் முழுதாகக் காட்டு என்பது. பெரிய ‘எக்ஸ்’, விதிகளின் தொடராகிய சங்கிலியையே நீக்கு என்பது. இத்தகைய இரட்டையர்கள் இருப்பதை உணர்ந்தே இதனை அமைத்தவர்கள் நிரலின் உள்ளே ஒரு கட்டத்தை வரைந்து வைத்திருக்கிறார்கள்: ஒரு பக்கம் வினைகள், மறு பக்கம் அடைமொழிகள், எந்த வினையோடு எந்த அடைமொழி கட்டாயம், எது விலக்கு, எது இரண்டுமல்ல என்பது ஒவ்வோர் அறையிலும் குறிக்கப்பட்டிருக்கும். ஒரே வரியில் இரண்டு வினைகள் வந்தாலும், பட்டியலிடுவதும் எண்ணிக்கையைப் பூஜ்யமாக்குவதும் சேர்ந்து வருவது போன்ற சில விதிவிலக்குகள் நீங்கலாக, கருவி அதனை ஏற்காமல் மறுத்துவிடும். ஆகவே, சிறிய எழுத்துக்குப் பதிலாகப் பெரிய எழுத்து விழுந்த பிழைகளில் பெரும்பாலானவை விபத்தாக முடியாமல் பிழைச் செய்தியாகவே முடிகின்றன. தவறுகிற மனிதனைக் கண்டிப்பதை விடத் தவறைப் பயனற்றதாக்குவதே மேலான வடிவமைப்பு என்பதற்கு இதனினும் தெளிவான சாட்சி வேண்டுவதில்லை.

எனினும் அந்தக் கட்டம் எல்லாவற்றையும் காப்பாற்றிவிடுவதில்லை. பெரிய ‘எஃப்’ விதிகளைத் துடைக்குமேயன்றி, எந்த விதியும் பொருந்தாதபோது செல்லுபடியாகும் பொதுக்கொள்கையை அது தொடாது. தொலைவிலுள்ள ஒரு சர்வரில், உள்வரும் பொட்டலங்களையெல்லாம் தள்ளிவிடு என்று பொதுக்கொள்கையை வகுத்து, தம்முடைய இணைப்பை மட்டும் ஒரு விதியால் அனுமதித்திருக்கிற நிர்வாகி, ‘சுத்தமாகத் தொடங்குவோம்’ என்று எண்ணிப் பெரிய ‘எஃப்’பைத் தட்டினாராயின், அவரை உள்ளே விட்டிருந்த விதியே முதலில் அழிந்து, கொள்கை மட்டும் மிஞ்சி, அடுத்த க்ஷணமே அவர் வெளியே நிற்பார். இந்த விபரீதத்தை நிர்வாகிகளின் உலகம் நன்கறியும். அதன் பொருட்டே, புதிய விதிகளை அமலாக்கிவிட்டு நிர்வாகியிடமிருந்து ஒப்புதல் கேட்டு, பத்து வினாடிக்குள் விடை வராவிட்டால் பழைய விதிகளுக்கே திரும்பிவிடுகிற ஐபிடேபிள்ஸ்-அப்ளை என்னும் துணைக்கருவி எழுந்தது.

ஒரு குறுந்தெரிவைச் சேர்ப்பது நிரலளவில் எவ்வளவு வேலை என்று கேட்டால், வியப்பூட்டும் அளவுக்குக் குறைவு என்பதே விடை. கெட்ஆப்ட் வகையைச் சார்ந்த நிரல்களில், ஏற்றுக்கொள்ளப்படும் எழுத்துக்களெல்லாம் ஒரே சரமாகக் கோக்கப்பட்டிருக்கும்; மதிப்பு கேட்கிற எழுத்தின் பின் ஒரு முக்காற்புள்ளி, மதிப்பு வந்தாலும் வராவிட்டாலும் சம்மதம் என்ற எழுத்தின் பின் இரண்டு முக்காற்புள்ளிகள் நிற்கும். நெடும்பெயர்கள் வேறோர் அட்டவணையில் இருக்க, ஒவ்வொரு பெயரின் எதிரிலும் அதற்கு நேரான எழுத்து குறிக்கப்பட்டிருக்கும். சரத்தில் ஓரெழுத்து, அட்டவணையில் ஒரு குறிப்பு, அவ்வளவே. ஆனால், அந்த இரண்டு முக்காற்புள்ளிகள் விளைவிக்கிற ஒரு நுட்பமான சங்கடத்தை இங்கே சொல்லாமல் விட மனமில்லை. ஐபிடேபிள்ஸில் பட்டியலிடும் பெரிய ‘எல்’ அத்தகைய எழுத்து. அதன்பின் ஒரு சங்கிலியின் பெயர் வரலாம், வராமலும் இருக்கலாம். எனவே, பட்டியலோடு முகவரிகளை எண்களாகவும் விவரங்களோடும் காட்ட விரும்புகிறவர், சிறிய ‘என்’, சிறிய ‘வி’, பெரிய ‘எல்’ என்ற வரிசையில் சேர்த்தெழுதினால் காரியம் நடக்கும். பெரிய ‘எல்’லை முதலில் வைத்து மற்றவற்றை ஒட்டி எழுதினாலோ, ஒட்டிய எழுத்துக்கள் இரண்டும் ஒரு சங்கிலியின் பெயர் என்று கருவி கருதி, அப்படியொரு சங்கிலி இல்லை என்று விடை கூறும். அனுபவசாலிகளின் விரல்கள் ‘எல்’லைக் கடைசியில் தட்டப் பழகியிருப்பதன் காரணம் இதுவே. சிறிய ‘என்’னை அவர்கள் மறவாமைக்கும் காரணம் உண்டு: அது இல்லாவிட்டால் கருவி ஒவ்வொரு முகவரிக்கும் உரிய பெயரை டிஎன்எஸ் சேவையிடம் கேட்டுக் கேட்டு, பட்டியலை நெடுநேரம் தாமதப்படுத்தும், தீச்சுவரே அந்த டிஎன்எஸ் வழியை அடைத்திருந்தால் தாமதம் இன்னும் நீளும்.

இனி, கொடுத்த எழுத்தைத் திரும்பப் பெறுவதில் உள்ள கஷ்டத்தைப் பார்ப்போம். ஐபிசெயின்ஸில் சிறிய ‘ஐ’ பொதுவாக இடைமுகத்தைக் குறித்தது. ஐபிடேபிள்ஸில் அது உள்வரும் இடைமுகத்தை மட்டும் குறிப்பதாயிற்று. வெளிச்செல்லும் இடைமுகத்துக்குச் சிறிய ‘ஓ’ வந்தது. ஐபிசெயின்ஸில் பெரிய ‘சி’ என்பது, இப்படியொரு பொட்டலம் வந்தால் அதன் கதி என்னவாகும் என்று சோதித்துப் பார்க்கும் அருமையான வசதி. ஐபிடேபிள்ஸில் அவ்வசதி கைவிடப்பட்டு அவ்வெழுத்து பல்லாண்டு வெறுமையாய்க் கிடந்து, பின்னர் இப்படியொரு விதி ஏற்கெனவே இருக்கிறதா என்று கேட்பதற்காக ஒதுக்கப்பட்டது. ஒரே குடும்பத்துக்குள்ளேயே இன்னொரு விசித்திரம்: விதிகளைச் சேமித்து வைக்கும் ஐபிடேபிள்ஸ்-சேவ் கருவியில் சிறிய ‘டி’ என்பது சங்கிலிகள் அடங்கிய டேபிளைக் குறிக்க, அவற்றை மீண்டும் ஏற்றும் ஐபிடேபிள்ஸ்-ரெஸ்டோர் கருவியில் அதே எழுத்து ‘டெஸ்ட்’, அதாவது ஏற்றாமல் சரிபார்க்க மட்டும் செய் என்பதைக் குறிக்கிறது. அங்கே சிறிய ‘என்’ முகவரிகளை எண்களாகக் காட்டு என்பதன்று. இருக்கிற விதிகளைத் துடைக்காதே என்பது. குடும்பத்தை விட்டு வெளியே போனால் நிலைமை இன்னும் கடுமை. ஓபன்பிஎஸ்டி இயக்க முறைமையின் தீச்சுவரான பிஎஃப்பை நிர்வகிக்கும் பிஎஃப்சிடிஎல் கருவியில் சிறிய ‘என்’ விதிக்கோப்பைப் படித்துப் பார், ஆனால் ஏற்றாதே என்று பொருள்படும். ‘டெஸ்டினேஷன்’ என்பதன் முதலெழுத்து ஐபிடேபிள்ஸில் போய்ச் சேரும் முகவரி. பிஎஃப்சிடிஎல்லிலோ அதே எழுத்து ‘டிஸேபிள்’, தீச்சுவரையே நிறுத்திவிடு என்பது. இரண்டு முறைமைகளிலும் ஒரே நாளில் வேலை பார்க்கிற நிர்வாகியின் நிலையை எண்ணிப் பார்த்தால், எழுத்து என்பது தனக்கென்று பொருள் ஏதும் இல்லாதது, பழக்கமே அதற்குப் பொருள் தருகிறது என்ற உண்மை எத்தனை கனமானது என்பது விளங்கும்.

பழக்கத்தின் பலத்துக்கு இன்னொரு நிரூபணமும் உண்டு. 2014 ஜனவரியில் வெளிவந்த லினக்ஸ் கெர்னலின் மூன்று புள்ளி பதின்மூன்றாம் பதிப்பில் என்எஃப்டேபிள்ஸ் என்னும் புதிய அமைப்பு இடம்பெற்றது. அதன் கட்டளை மொழி ஓரெழுத்துக்களைப் பெரிதும் விலக்கி, ‘சேர்’, ‘விதி’, ‘ஏற்றுக்கொள்’ என்பவற்றுக்கு ஈடான முழுச் சொற்களாலேயே வாக்கியம் அமைக்கிறது. அப்படியிருந்தும், ஐபிடேபிள்ஸ் என்ற பழைய பெயரிலேயே, பழைய எழுத்துக்களையெல்லாம் ஏற்று உள்ளே புதிய அமைப்பின் விதிகளாக மாற்றித் தரும் ஒரு கருவியை எழுத வேண்டியதாயிற்று. 2019-இல் வெளியான டெபியன் பத்தாம் பதிப்பு அதையே இயல்பு நிலையாக்கியது. கெர்னலின் உள்ளுறுப்பை மாற்ற முடிந்தது. உலகெங்கும் ஸ்கிரிப்டுகளில் பதிந்துபோன எழுத்துக்களை மாற்ற முடியவில்லை.

ஓரெழுத்துக்களைப் பெரும்பாலும் தவிர்த்த கருவி இன்னொன்றும் உண்டு. ஃபெடோரா, ரெட் ஹாட் முதலிய லினக்ஸ் வகைகளில் இன்று வழங்குகிற ஃபயர்வால்டி என்னும் சேவைக்கு ஃபயர்வால்-சிஎம்டி என்றொரு கட்டளைக் கருவி உண்டு. இதிலே உதவி கேட்பது, பதிப்பெண் அறிவது, பேச்சைக் குறைப்பது போன்ற சில்லறைக் காரியங்களுக்கு மட்டுமே குறுந்தெரிவு இருக்கிறது; மற்றவை யாவும் நெடுந்தெரிவுகள். ஒரே விதிகளுக்கு உட்பட்ட இணைப்புகளைத் தொகுக்கும் மண்டலங்களுள் பொது மண்டலத்தில் வலைத்தளச் சேவையை நிரந்தரமாக அனுமதிக்கும் ஒரு வரி ஐம்பத்தேழு எழுத்துக்கள் நீளும். பழைய டெலிடைப்பில் அதனை அச்சிட்டிருந்தால் ஏறக்குறைய ஆறு வினாடி பிடித்திருக்கும். இதற்கும் குறுந்தெரிவுகள் வேண்டும் என்று நிர்வாகிகள் ஆசைப்படுவது நியாயமே. ஆனால் எந்த எழுத்தைக் கொடுப்பது? ‘பெர்மனென்ட்’, ‘பாலிசி’, ‘பேனிக்-ஆன்’ ஆகிய மூன்று தெரிவுகளும் ஒரே எழுத்தில் தொடங்குகின்றன. போர்ட்டைச் சேர்ப்பவரும் புரோட்டோகாலைச் சேர்ப்பவரும் அவ்வெழுத்தையே எதிர்பார்ப்பார்கள். ஐபிடேபிள்ஸில் பழகியவரின் விரலுக்கோ அது புரோட்டோகாலாகவே படும். இவற்றுள் ‘பேனிக்-ஆன்’ என்பது உள்வருவது, வெளிச்செல்வது ஆகிய எல்லாப் பொட்டலங்களையும் ஒருசேரத் தள்ளிவிடும் அவசரக் கட்டளை என்பதை நினைத்தால், அதன் அண்டையில் ஓரெழுத்து விளையாடுவதை எவரும் விரும்பமாட்டார்.

இதனினும் ஆழமான தடையும் ஒன்று இருக்கிறது. ஐபிடேபிள்ஸ் வினையையும் பொருளையும் தனித்தனியே வைத்ததால், இரண்டுக்கும் தனித்தனி எழுத்து கொடுக்க முடிந்தது. ஃபயர்வால்-சிஎம்டியோ, சேவையைச் சேர், சேவையை நீக்கு, சேவை இருக்கிறதா என்று கேள் என வினையையும் பொருளையும் ஒரே பெயராக இணைத்துவிட்டது. சேவை, போர்ட், மூலமுகவரி, இடைமுகம் எனப் பொருள்கள் பெருக, ஒவ்வொன்றுக்கும் சேர்த்தலும் நீக்கலும் கேட்டலும் பெருக, அந்த இணைப்புகளின் தொகை அறுபத்திரண்டு இடங்களுக்குள் அடங்குவதாயில்லை. படிக்கிறவர்க்குத் தெளிவைத் தந்த அதே அமைப்பே, தட்டச்சு செய்கிறவர்க்குச் சுருக்கத்தை மறுத்துவிட்டது. இதனைக் குறையென்று நான் கருதவில்லை. வாசகத் தெளிவை விலைக்கு வாங்கிய பேரம் என்றே கருதுகிறேன்.

சிலர், நெடும்பெயரின் முதல் சில எழுத்துக்களை மட்டும் தட்டினாலே போதுமாயிருக்கிறதே, க்னூவின் பகுப்பு நிரல் அதனை ஏற்றுக்கொள்கிறதே என்பர். உண்மைதான், வேறெந்தப் பெயரோடும் மயங்காத வரையில் அப்பகுதிப் பெயர் செல்லும். ஆனால் அடுத்த பதிப்பில் அதே தொடக்கத்தோடு இன்னொரு தெரிவு பிறந்துவிட்டால், நேற்றுவரை ஓடிய ஸ்கிரிப்ட் இன்று மயக்கப் பிழையோடு நின்றுவிடும். தீச்சுவரை எழுப்பும் ஸ்கிரிப்ட் பாதியில் நிற்பது எத்தகைய நிலை என்பதை விவரிக்க வேண்டியதில்லை. விரலின் சிரமத்தைக் குறைக்க இதனினும் உசிதமான உபாயம் ஷெல்லின் நிரப்பு வசதி: பெயரின் தொடக்கத்தைத் தட்டி டேப் விசையை அழுத்தினால், முழுப் பெயரும் வரியில் எழுதப்பட்டுவிடும். ஃபயர்வால்-சிஎம்டிக்கு இந்த வசதி செய்யப்பட்டிருக்கிறது. தட்டுவது குறைவு, பதிவது முழுச் சொல் என்பதால் இது இரு தரப்பாருக்கும் நன்மை.

அப்படியானால் இத்தகைய கருவிக்குக் குறுந்தெரிவே வேண்டாமா என்றால், வேண்டும் என்பதே என் துணிபு. ஆனால் பட்சபாதத்தோடு வேண்டும். இருப்பதைக் காட்டுகிற, கேள்விக்கு விடை சொல்லுகிற, எதையும் மாற்றாத தெரிவுகளுக்கு எழுத்துக்களைத் தாராளமாக வழங்கலாம். மண்டலத்தின் பெயரைக் குறிக்கும் ‘ஜோன்’ போன்ற அடைமொழிகளுக்கும் வழங்கலாம், அதன் முதலெழுத்து வேறெவரும் கேளாத எழுத்தாகவும் இருக்கிறது. விதிகளைச் சேர்ப்பதற்கு எழுத்து கொடுக்குமுன் யோசிக்க வேண்டும். அழிப்பதற்கும், எல்லாவற்றையும் அடைப்பதற்கும், தீச்சுவரை நிறுத்துவதற்கும் ஓரெழுத்து ஒருபோதும் ஆகாது. எல்லாரும் முதலில் கேட்பது ‘பெர்மனென்ட்’ என்பதற்குச் சுருக்கந்தான். அதற்கும் நான் சம்மதியேன். அந்தச் சொல் இல்லாத கட்டளை நடப்பிலுள்ள அமைப்பை மட்டுமே மாற்றுகிறது, தீச்சுவர் மறுபடி தொடங்கும்போது மறைந்துவிடுகிறது. அந்தச் சொல்லோடு கூடிய கட்டளையோ கோப்பில் பதிந்து நிலைக்கிறது. குறித்த நேரத்துக்குப் பின் தானே நீங்கும்படி ‘டைம்-அவுட்’ வைத்து ஒரு விதியைச் சோதிக்கும் வசதியும் இந்தத் தற்காலிகப் பக்கத்துக்கே உரியது. தற்காலிகத்துக்கும் நிரந்தரத்துக்கும் உள்ள எல்லை, வரியைப் படிக்கிற எவர் கண்ணுக்கும் முழுச் சொல்லாகத் தெரிவதே க்ஷேமம்.

நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். டெர்மினலில் உடனுக்குடன் தட்டுகிறபோது குறுந்தெரிவுகளைத் தாராளமாகக் கையாளுங்கள். அவை அதற்காகவே பிறந்தவை. ஆனால் கோப்பில் எழுதி வைத்து நாளைக்கும் ஓடவேண்டிய ஸ்கிரிப்டில், பெரிய ‘எஃப்’புக்குப் பதிலாக ‘ஃப்ளஷ்’ என்றும், பெரிய ‘பி’க்குப் பதிலாக ‘பாலிசி’ என்றும் முழுப் பெயரையே எழுதுங்கள். உங்களுக்குப் பின் அந்தச் சர்வரைப் பொறுப்பேற்கிறவர், கையேட்டைத் தேடாமலே அந்த வரி என்ன செய்யும் என்பதை அறிந்துகொள்வார்.